லைவ் சர்வரில் ‘கிட் புல்’ அடிக்கும் முன்

சின்ன இணையதளங்களை நடத்தும் பலரும் புது நிரலை ஏற்றுவது இப்படித்தான்: எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரைக் கட்டளைகளால் இயக்கும் வழி) வழியாக சர்வருக்குள் போய், தளத்தின் ஃபோல்டரில் நின்று ‘கிட் புல்’ அடிப்பார்கள். கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. அந்தப் பதிவுகள் சேர்ந்திருக்கும் களஞ்சியத்திலிருந்து புது மாற்றங்களை இறக்கும் கட்டளைதான் ‘புல்’. மாதக்கணக்கில் சிக்கலில்லாமல் ஓடும்.

எனக்கு அது ஒரு கடையின் தளத்தில் சிக்கியது. யாரோ அவசரத்துக்கு சர்வரிலேயே நானோ எடிட்டரைத் திறந்து ஜிஎஸ்டி விகிதத்தை மாற்றிவிட்டு, கமிட் செய்யாமல் (கிட்டில் பதியாமல்) போயிருந்தார்கள். உள்ளூர் மாற்றம் அழிந்துவிடும் என்று சொல்லி கிட் புல்லை மறுத்தது. அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். நான் ஸ்டாஷ் போட்டு (அந்த மாற்றத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்து), புல் செய்து, ஸ்டாஷைத் திரும்ப எடுத்தேன். அதே வரி களஞ்சியத்திலும் மாறியிருந்ததால் மோதல். மோதலைக் காட்ட கிட் போடும் அடையாளமாக பிஎச்பி ஃபைலின் நடுவே ஏழு ‘<’ குறிகள் வந்து உட்கார, தளம் வெள்ளைத் திரையானது. ஆட்கள் பணம் கட்டிக்கொண்டிருந்த நேரம்.

சர்வரில் யாரும் ஃபைலைத் திருத்தக் கூடாது. ஒற்றை எழுத்தானாலும் களஞ்சியம் வழியாகத்தான் வர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரின் மேலேயே புல் செய்வதையும் விடுங்கள். ஃபைல்கள் மாறும் அந்த நொடிகளில் பாதி பழசு, பாதி புதுசு என்று தளம் தடுமாறும். ஒவ்வொரு வெளியீட்டையும் தனி ஃபோல்டரில் இறக்கி, எல்லாம் தயாரான பிறகு ‘கரன்ட்’ என்ற சிம்லிங்க்கை (தளம் ஓட வேண்டிய ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) அதன் பக்கம் திருப்புங்கள். கோளாறு என்றால் பழைய ஃபோல்டருக்கே திருப்பிவிடலாம். பயனர்கள் ஏற்றிய படங்கள் இவற்றுக்கு வெளியே, பொதுவான ஓரிடத்தில் இருக்கட்டும். திருப்பியதும் பிஎச்பி எஃப்பிஎம்மை (பிஎச்பி நிரலை ஓட்டும் சேவை) ரீலோட் செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால், நிரலை நினைவகத்தில் சேமித்து வைக்கும் ஓபிகேஷ் பழைய நிரலையே ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

இதையெல்லாம் கையால் செய்யாமல் ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வையுங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் 8 சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் புது நிரல் போய்ச் சேரவில்லை. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

இப்போதே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் தள முகவரியின் பின்னால், கிட் தன் பதிவுகளை வைத்திருக்கும் டாட் கிட் ஃபோல்டரையும், அதனுள் இருக்கும் ஹெட் ஃபைலின் பெயரையும் சேர்த்து பிரவுசரில் திறங்கள். ‘ரெஃப்’ என்று தொடங்கும் வரி தெரிந்தால், உங்கள் நிரலின் வரலாற்றையே யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஃபோல்டர் பட்டியலை மறைத்திருந்தாலும் பயனில்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதை கிட்டின் இண்டெக்ஸ் ஃபைலே காட்டிக்கொடுக்கும். என்ஜின்எக்ஸில் (தளத்தை பிரவுசருக்கு அனுப்பும் வெப் சர்வர்) அந்தப் பாதையை மூடிவிடுங்கள். அதைவிட, பொது ஃபோல்டருக்குள் டாட் கிட் வராமலே பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த வரலாற்றில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பாஸ்வேர்டு போன்றவற்றை எழுதி வைக்கும் டாட் என்வி ஃபைலைத் தெரியாமல் கமிட் செய்துவிட்டு, அடுத்த கமிட்டில் நீக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வது அப்புறம்.

கம்போசர் என்பது பிஎச்பி நிரலுக்குத் தேவையான வெளி நூலகங்களை இறக்கும் கருவி. சர்வரில் ‘கம்போசர் அப்டேட்’ ஓட்டாதீர்கள், ‘இன்ஸ்டால்’ மட்டும் போதும். லாக் ஃபைலில் (நூலகப் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் ஃபைல்) உள்ள அதே பதிப்புகள் வரும். நோட் ஜேஎஸ்ஸில் எழுதிய தளம் என்றால் அதற்கு ஈடான கட்டளை ‘என்பிஎம் சிஐ’.

சிம்லிங்க்கைத் திருப்பினால் நிரல் பழையதாகும், டேட்டாபேஸ் ஆகாது. அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் பெயரை ஒரே வெளியீட்டில் மாற்றிவிட்டால் பழைய நிரலுக்குத் திரும்ப வழியில்லை. புதியதைச் சேர்த்து, கொஞ்ச நாள் இரண்டிலும் எழுதிவிட்டு, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு வேறொரு வெளியீட்டில் பழையதை நீக்குங்கள்.