மங்கலான மைக்ராஸ்கோப் படத்தைத் தெளிவாக்குவது எப்படி: இயற்பியல் பாதி, நியூரல் நெட்வொர்க் பாதி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் பெப்ரின் என்று சொன்னாலே முகம் மாறிவிடும். நோசீமா பாம்பிசிஸ் என்ற நுண்ணுயிரியால் வரும் நோய். தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். அதனால் முட்டையிட்ட பூச்சியை அரைத்து, ஒரு சொட்டை 600 மடங்கில் பார்ப்பார்கள். அந்த நுண்ணுயிரியின் வித்து (ஸ்போர்) தெரிந்தால் முட்டைகளை அழித்துவிடுவார்கள். 1860களில் பாஸ்டர் பிரான்சில் வகுத்த வழி இன்றும் அடிப்படை.

வித்தின் நீளம் சுமார் 3 முதல் 4 மைக்ரான்தான். படம் மங்கலாக இருந்தால் வித்தா, தூசியா என்று சொல்வது கஷ்டம். படத்தைத் தெளிவாக்கித் தரும் ஆப்களை மட்டும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள். அவை வேறெங்கோ பார்த்த படங்களை வைத்து, ‘இங்கே இப்படி இருக்கும்’ என்று வரைந்துவிடும். இல்லாத வித்தை வரைந்தால் ஒருவருடைய நல்ல முட்டை வீணாகும். இருப்பதை அழித்தால் நோய் வளர்ப்பு மனைக்குள்ளேயே போய்விடும். அவற்றுக்குள் இருக்கும் நியூரல் நெட்வொர்க்குக்கு, அதாவது படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரலுக்கு, மூக்கணாங்கயிறு வேண்டும். அதுதான் இயற்பியல்.

பைத்தான் ஓரளவு தெரியும், கீம்சா சாயம் போட்ட ஸ்லைடு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. கேமராவை நேர்மையாக்குங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். கீழே வரும் கணக்கு முழுவதும் ஒன்றை நம்பியிருக்கிறது: வெளிச்சம் இரண்டு மடங்கானால் பிக்சல் எண்ணும் இரண்டு மடங்காக வேண்டும். ஆனால் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்காகக் கேமரா மென்பொருள் காமா (வெளிச்ச எண்களை வளைத்து மாற்றுவது), ஷார்ப்பனிங், ஆட்டோ எக்ஸ்போஷர் என்று எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கும்.

சோதிப்பது சுலபம். ஸ்லைடில் வெற்றிடத்தைப் பாருங்கள். 5 மில்லிசெகண்டில் ஒரு படம், 10-ல் ஒரு படம். ஒளியை அடைத்து எடுத்த இருட்டுப் படத்தைக் கழித்த பிறகு முதலாவதில் 60 என்றால் அடுத்ததில் 120 வர வேண்டும். 82 அளவில் நின்றால் 2.2 காமா ஒளிந்திருக்கிறது. அமைப்புகளில் காமாவை 1 ஆக்குங்கள், ஷார்ப்பனிங்கை அணையுங்கள், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டவே வேண்டாம். ஷார்ப்பனிங் அணையாத கேமரா என்றால் வேறு கேமராவைத் தேடுவது நல்லது. பின்னால் எந்தக் கணக்கும் அதைச் சரிசெய்யாது.

2. எடுக்க வேண்டிய படங்கள்

ஒளியை அடைத்து ஒரு இருட்டுப் படம், வெற்றிடத்தில் ஒரு வெள்ளைப் படம். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் ஸ்லைடை அசைக்காமல் அடுத்தடுத்து *இரண்டு* படங்கள். ஏன் இரண்டு என்பது நான்காவது படியில் வரும். ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் துளையை நன்றாகத் திறந்து வையுங்கள். மூடி வைத்தால் ஓரங்களில் வளையம் விழும், நம் கணக்கும் பொருந்தாது. பச்சை சேனல் மட்டும் போதும்.

3. லென்ஸ் எப்படி மங்கலாக்குகிறது?

ஒரு புள்ளியை லென்ஸ் எந்த அளவு பொட்டாகப் பரப்புகிறது என்பதைத்தான் பி.எஸ்.எஃப் என்கிறார்கள். 40எக்ஸ் லென்ஸின் மேல் 0.65 என்று எழுதியிருக்கும், அது என்.ஏ, லென்ஸ் எவ்வளவு அகலமாக ஒளியை வாங்கும் என்பதன் அளவு. பச்சை ஒளி 0.55 மைக்ரான். 1873-ல் அபே சொன்ன எல்லைப்படி, அலைநீளத்தை என்.ஏ-வின் இரு மடங்கால் வகுத்தால் 0.42 மைக்ரான். அதைவிட நுண்ணிய விவரம் லென்ஸைத் தாண்டி வரவே இல்லை. நாமும் கொண்டுவர முடியாது.

பி.எஸ்.எஃப்-ஐ நடுவில் அடர்ந்து ஓரத்தில் மெல்லக் குறையும் காசியன் பொட்டாக எடுத்துக்கொள்ளலாம். அதன் அகல அளவுதான் சிக்மா. சிக்மா = 0.21 × 0.55 ÷ 0.65, அதாவது 0.18 மைக்ரான் அளவு. அளவுகோல் பொறித்த ஸ்லைடான ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் 10 மைக்ரான் இடைவெளி 83 பிக்சல் வந்தால் ஒரு பிக்சல் 0.12 மைக்ரான், சிக்மா ஒன்றரை பிக்சல். பொட்டின் எல்லா எண்களின் மொத்தக் கூட்டல் 1 வருமாறு சரிசெய்துகொள்ளுங்கள்.

நெட்வொர்க்குக்குப் போகும் முன் சைக்கிட்-இமேஜ் என்ற பைத்தான் தொகுப்பில் உள்ள, பி.எஸ்.எஃப்-ஐ வைத்து மங்கலை நீக்கும் ரிச்சர்ட்சன்–லூசி முறையை 10, 15 சுற்று ஓட்டிப் பாருங்கள். 1970களின் முறைதான், ஆனால் இதிலேயே வித்தின் ஓரம் விசித்திரமாக வந்தால் பி.எஸ்.எஃப் தப்பு.

4. நெட்வொர்க்

பைடார்ச்சில் ஒரு சின்ன யூ-நெட் (படத்தை வாங்கிப் படத்தையே தரும் நெட்வொர்க்), மூன்று நிலை போதும். பெரிய மாடல் தேவையில்லை. முதல் படத்தை உள்ளே கொடுங்கள். வெளியே வருவதைச் சிக்மாய்டில் போட்டு 0-க்கும் 1-க்கும் இடையில் நிறுத்துங்கள். சாயம் ஒளியை உறிஞ்சத்தான் செய்யும், கூட்டாது. அதை பி.எஸ்.எஃப்-ஆல் நாமே மங்கலாக்கி, வெள்ளைப் படத்தால் பெருக்கி, *இரண்டாவது* படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு படங்களின் இரைச்சலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அதனால் நெட்வொர்க் இரைச்சலை மனப்பாடம் செய்ய வழியில்லை. இருட்டுப் படத்தை எல்லாவற்றிலும் முதலிலேயே கழித்துவிடுங்கள். சென்சாரின் நிலையான கறை இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும், அது ஏமாற்றிவிடும்.

இன்னொரு ஓட்டை உண்டு. லென்ஸ் வடிகட்டும் நுண்விவரத்தில் நெட்வொர்க் எதை வரைந்தாலும், மங்கலாக்கும்போது மறைந்துவிடும், பிழை காட்டாது. அதனால் பக்கத்துப் பிக்சல்கள் தாறுமாறாக மாறினால் பிழையைக் கூட்டும் டோட்டல் வேரியேஷன் என்ற தண்டனையைச் சிறிதளவு சேருங்கள். படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் போகும் வரை மட்டும்.

5. சரிபார்ப்பது

வந்த படத்தைத் திரும்ப மங்கலாக்கி, வெள்ளைப் படத்தால் பெருக்கி, அசலிலிருந்து கழித்து, ஃபிஜி என்ற படம் பார்க்கும் மென்பொருளில் திறங்கள். வெறும் இரைச்சல் தெரிந்தால் சரி. வித்தின் வளைந்த ஓரம் நிழலாகத் தெரிந்தால் எண்ணிக்கையில் இறங்காதீர்கள். முதல் படிக்கே திரும்புங்கள்.

பின்சேர்க்கை: சாயமில்லாத ஈர ஸ்லைடில் வித்தின் நடுப்பகுதி தட்டையான வெள்ளையாக வருகிறது என்று பாலக்கோட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சாயமில்லாத வித்து ஒளியை வளைத்துக் குவிப்பதால் பின்னணியைவிடப் பிரகாசமாக மின்னும். அங்கே 1 என்ற உச்சவரம்பு பொருந்தாது. சிக்மாய்டை எடுத்துவிட்டு, மேல்வரம்பு இல்லாத சாஃப்ட்பிளஸ் போடுங்கள். ஆனால் ஒளி வளையும் இடத்தில் இந்த மங்கல் கணக்கே தோராயம்தான். அதனால் சந்தேகமான வித்தைச் சாயம் போட்டு மறுபடி பார்த்த பிறகே முடிவெடுங்கள். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் படங்களுக்கு இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கான கணக்கே வேறு.