எருக்கஞ்செடி முன்னால் உட்காருங்கள்: பூச்சிகளை மேக்ரோவில் எடுக்கும் வழி

பூச்சிகளை நெருங்கிப் படம் எடுக்கப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். "அண்ணாச்சி, 90 எம்எம் வாங்கவா, 100 வாங்கவா?" நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் ஒரு எருக்கஞ்செடியைப் பிடியுங்கள். அடுத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். லென்ஸ் அதற்குப் பிறகுதான். பாளையங்கோட்டையில் பல வருசம் கல்யாண வீட்டுப் படங்கள் எடுத்துவிட்டுப் பூச்சிகள் பக்கம் வந்தவன் நான். இப்போது குளத்தங்கரைகளிலும் வாழைத் தோட்டங்களிலும் மேக்ரோ பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். அங்கே சொல்லித்தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் எருக்கு?

நம் பக்கத்தில் எருக்கு முளைக்காத குளக்கரையும் தண்டவாள ஓரமும் கிடையாது. ஆடு மாடு பெரும்பாலும் அதில் வாய் வைக்காது. அதனால் இன்று பார்த்த செடி அடுத்த வாரமும் அங்கேயே நிற்கும். பழகுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

இலையை மெல்ல நிமிர்த்தி அடிப்பக்கம் பாருங்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி ஒற்றை ஒற்றையாக முட்டை வைத்திருக்கும். உயரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், வெளிறிய நிறம். அதிலிருந்து வரும் புழுவுக்குக் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள், நடுநடுவே மஞ்சள் புள்ளிகள், முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகள். குருத்தில் மஞ்சள் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) அப்பிக் கிடக்கும். அதைத் தின்னப் பொறிவண்டும் பொறிவண்டின் புழுவும் வரும். அசுவினி கசியவிடும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு ஏறும். பூவுக்குக் கருத்த பெரிய தச்சுத்தேனீ வரும். மஞ்சளும் நீலமுமாக எருக்கு வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும். அதன் குஞ்சைச் சீண்டினால் ஒரு திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும், அதனால் சீண்டாதீர்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று முழுக் கதையும் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் அந்த ஒரு செடியிலேயே நடந்து முடியும். ஊர் ஊராக அலைந்து ஊருக்கொரு பூச்சியை எடுத்து வருவதைவிட, ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் படம் வாய்க்கிறது. எந்த நேரத்தில் எது எங்கே உட்காரும் என்பது அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

ஒரு கண்டிப்பு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் விழியையே பாதிக்கும். இலை ஒடிந்து கையில் பால் பட்டால் உடனே கழுவுங்கள். அந்தக் கையோடு கண்ணைத் துடைக்கவோ, கேமராவின் வியூஃபைண்டரைத் தொடவோ கூடாது. வகுப்பில் தண்ணீர்க் குடத்தையும் சோப்பையும் செடிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவேன்.

கருவி

மேக்ரோ லென்ஸ் கையில் இருந்தால் நல்லது. 100 எம்எம் லென்ஸில் 1:1 அளவுக்குப் போகும்போது லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு சாண் கூட இருக்காது, அவ்வளவு நெருங்க வேண்டும். 60 எம்எம் என்றால் இன்னும் நெருக்கம்; தட்டான் பறந்துவிடும். 1:1 என்றால் 10 மில்லிமீட்டர் பூச்சி சென்சாரிலும் (கேமராவுக்குள் படம் விழும் தகடு) 10 மில்லிமீட்டராக விழும், அவ்வளவுதான். ஒரு ஸ்கேலைப் படம் எடுத்துப் பாருங்கள். சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் அகலவாக்கில் 36 மில்லிமீட்டர் தெரிந்தால் நீங்கள் 1:1இல் இருக்கிறீர்கள்.

லென்ஸ் வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்று வளையமான எக்ஸ்டென்ஷன் டியூப். 12, 20, 36 மில்லிமீட்டர் என்று மூன்று வளையங்கள் சேர்ந்த செட்டாகக் கிடைக்கும். 50 எம்எம் லென்ஸுக்குப் பின்னால் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் டியூப் கொடுத்தால் 1:1 வந்துவிடும். இன்னொன்று, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஜூம் லென்ஸின் முகப்பில் மாட்டும் குளோஸப் லென்ஸ். ரேநாக்ஸ் டிசிஆர் 250 என்பது 8 டயாப்டர் (கண்ணாடி பவரை அளக்கும் அதே அளவு). ஜூமை முடிவிலியில் (வெகு தூரத்தில்) ஃபோகஸ் வைத்து 125 எம்எம்மில் நிறுத்தினால் 1:1, 250இல் 2:1, அதாவது இரு மடங்கு. பூச்சிக்கும் அதற்கும் உள்ள தூரம் எப்போதும் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்தான். பழகுகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

வெளிச்சம்தான் வேலை

இங்கேதான் கல்யாண வீட்டுப் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. பொன்வண்டின் முதுகு நெற்றிச்சுட்டி மாதிரி: நேராக ஃபிளாஷ் அடித்தால் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் விழும், பொன் தெரியாது. நகைக்கு வெளிச்சம் பெரிதாகவும் மெத்தென்றும் வர வேண்டும். பூச்சிக்கும் அப்படியே.

ஏன் ஃபிளாஷ் என்று கேட்பார்கள். எஃப் எண் என்பது லென்ஸின் துவாரத்தின் அளவு, எண் ஏற ஏறத் துவாரம் சுருங்கும். 1:1இல் எஃப் 11 வைத்தாலும் கூர்மையாக வரும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். எஃப் எண்ணை இன்னும் ஏற்றலாம் என்றால், 1:1இல் எஃப் 11 என்பது நடப்பில் எஃப் 22 ஆகிவிடுகிறது. கேமராவில் வைக்கும் எண் எஃப் 16ஐத் தாண்டினால் படம் முழுக்கவே மங்கத் தொடங்கும். இவ்வளவு சின்ன துவாரம் வழியாக, கை நடுக்கமும் செடியின் ஆட்டமும் தெரியாமல் எடுக்கச் சூரிய வெளிச்சம் போதாது. ஃபிளாஷை 1/16 பவரில் வைத்தால் அது மின்னும் நேரம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடி. அதற்குள் எதுவும் ஆட முடியாது.

மேனுவல் மோடு, ஷட்டர் 1/160 அல்லது 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை வாங்கும் உணர்திறன்) 200, ஃபிளாஷ் 1/16. இங்கிருந்து தொடங்குங்கள். பின்னணி கறுத்துவிட்டால் ஐஎஸ்ஓவை 800 வரை ஏற்றி ஃபிளாஷைக் குறையுங்கள், அல்லது பூச்சிக்கு ஒரு சாண் பின்னால் ஒரு பச்சை இலை வருகிற மாதிரி கோணத்தை மாற்றுங்கள்.

அடுத்தது டிஃப்யூசர், அதாவது ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பும் மறைப்பு. வெளிச்சம் மெத்தென்று வருவதற்குக் காரணம் துணியோ தாளோ அல்ல. பூச்சியின் இடத்திலிருந்து பார்த்தால் அந்த வெளிச்சம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான். ஒரு சென்டிமீட்டர் பூச்சிக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே, ஒரு பக்கம் பதினைந்து சென்டிமீட்டர் உள்ள வெள்ளைத் தாள் இருந்தால் அதற்கு வானமே அதுதான். அதே தாளை இரண்டடி தள்ளி வைத்தால் பயனே இல்லை. புதுச் சாமான்களைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட் ஒன்று, ஸ்டேஷனரிக் கடையில் வாங்கும் ட்ரேசிங் ஷீட் ஒன்று. ஃபிளாஷின் முகத்தில் ஃபோம், அதிலிருந்து நாலு விரற்கடை இடைவெளி விட்டு ட்ரேசிங் ஷீட். இரண்டுக்கும் நடுவே காற்று இருக்க வேண்டும். ஒட்டிவைத்தால் நடுவில் பளீர் என்று ஒரு பொட்டு நின்றுவிடும். ட்ரேசிங் ஷீட்டை லென்ஸின் முனைக்கு முன்னால் வளைந்து வருகிற மாதிரி ரப்பர் பேண்டால் கட்டுங்கள்.

சரியா தப்பா என்று பார்க்கப் பூச்சி வேண்டாம். எவர்சில்வர் கரண்டியின் முதுகைப் படம் எடுங்கள். அதில் உங்கள் வெளிச்சத்தின் உருவம் அப்படியே தெரியும். நடுவில் பளீர் என்று ஒரு புள்ளி நின்றால் இன்னொரு அடுக்கு சேருங்கள். ஓரம் வரை சமமாக வெளுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தால் பொறிவண்டுக்குப் போகலாம். போன வகுப்பில் ஒரு கல்லூரித் தம்பி, "அண்ணாச்சி, விலை கூடுன ஃபிளாஷ் வாங்குனா சரியாயிருமா?" என்று கேட்டான். அவன் கையில் கரண்டியைக் கொடுத்து உட்கார வைத்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் அதே பழைய ஃபிளாஷில் அவனுக்கு வெளிச்சம் வந்துவிட்டது.

கையும் மூச்சும்

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அந்த அளவில் லென்ஸை நிறுத்திவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் நூலளவு அசைத்துக் கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். கண் கூர்மையாக இல்லாத பூச்சிப் படத்தை நான் வைத்துக்கொள்வதில்லை. பக்கவாட்டில் எடுக்கும்போது பூச்சியின் உடம்பும் சென்சாரும் இணையாக இருந்தால் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் முழு உடலும் அடங்கும்.

இடது கையால் செடியின் தண்டைப் பிடித்து, லென்ஸின் முனையை அதே கைமேல் வையுங்கள். இனி செடி ஆடினால் கேமராவும் சேர்ந்து ஆடும். நடுவில் தூரம் மாறாது. கை எட்டாத இடத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, துணி காயப்போடும் கிளிப்பால் தண்டைக் குச்சியோடு சேர்த்துப் பிடியுங்கள்.

உங்கள் நிழல் பூச்சி மேல் விழக்கூடாது. எழுந்து நின்று குனியாதீர்கள், சாக்கை விரித்து உட்கார்ந்து நகருங்கள். குளத்தங்கரைப் புல்லில் கண்ணாடிவிரியன் இருக்கும். இருட்டில் போனால் டார்ச்சும் கணுக்கால் மூடிய ஷூவும் இல்லாமல் கால் வைக்க வேண்டாம்.

காற்றும் மாதமும்

ராதாபுரம், வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த வெளியில் மேக்ரோ நடக்காது. அப்போது சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாழைத் தோட்டங்களுக்குள் போங்கள். வாழை காற்றை வாங்கிக்கொள்ளும், அடியில் அமைதியாக இருக்கும். கேட்டுக்கொண்டு போங்கள், மருந்து அடித்த தோட்டத்துக்குள் நுழையாதீர்கள்.

ஐப்பசி மழையோடு தேசாந்திரித் தட்டான்கள் கூட்டமாக வரும். இவை இந்தியாவிலிருந்து மாலத்தீவைத் தொட்டு, கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். பகலில் உட்காரவே உட்காராது, துரத்தி ஓடாதீர்கள். பொழுது சாயும்போது உடைமரத்துக் கிளைகளைப் பாருங்கள். செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு உறங்கப் போகும். அந்த இடத்தைக் குறித்துவைத்து விடியுமுன் போனால் போதும்.

எனக்குப் பிடித்த மாதங்கள் மார்கழியும் தையும். பிசானப் பருவத்து நெற்பயிர் நிற்கும் வயல், கன்னடியன் கால்வாய்க் கரை, இலை நுனியெல்லாம் பனி. வெயில் ஏறும்வரை தட்டானால் சிறகை அசைக்க முடியாது, காற்றும் இருக்காது. தானாக விழுந்த பனித்துளியே போதும். ஸ்ப்ரேயர் எடுத்து வருகிறவர்களிடம் அதை வாங்கிப் பைக்குள் வைத்துவிடுவேன். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்கி எடுக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. என் வகுப்பில் அதற்கு இடம் கிடையாது. அந்தப் படங்களில் கால்கள் மடங்கிக் கிடக்கும் விதமே காட்டிக் கொடுத்துவிடும்.

2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனை எடுக்க வேண்டும் என்று மலைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, அவர்கள் விடும் பாதையில் மட்டும் போங்கள்.

சொல்லித்தருகிறவர்களுக்கு

உங்கள் ஊரில் நீங்களே வகுப்பு நடத்தலாம், நடத்த வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரு செடிக்கு இரண்டு பேர். முதல் அரை மணி நேரம் கேமரா பையிலேயே இருக்கட்டும்; செடியில் என்னென்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தோட்ட வேலை செய்யும் அக்கா ஒருவர் வகுப்புக்கு வந்திருந்தார், கையில் போன் மட்டும்தான். கேமராக்காரர்கள் நாலைந்து பெயர் எழுதியபோது, அசுவினியை மேய்க்கும் எறும்பு எந்தப் பக்கமாக ஏறி எந்தப் பக்கமாக இறங்குகிறது என்பதுவரை அவர் சொன்னார். அன்றைய நல்ல படமும் அவருடையதே, கிளிப் லென்ஸ் மாட்டி எடுத்தது.

மதியம் படம் பார்க்கும்போது ஆளுக்கு மூன்று படம் மட்டும் காட்டட்டும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கண் எங்கே, அடுத்த முறை எதை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். வெவ்வேறு இடத்தில் கூர்மை விழுந்த பல படங்களை அடுக்கி ஒன்றாகச் சேர்க்கும் சாஃப்ட்வேர் வேலையை அன்றே தொடாதீர்கள். ஒரே படத்தில் கண்ணைப் பிடிக்கத் தெரிந்த பிறகு அது அரை நாளில் வந்துவிடும்.

கலையும் முன் ஒவ்வொரு படத்துக்கும் தேதி, இடம், உட்கார்ந்திருந்த செடியின் பெயர் மூன்றையும் எழுதி, உயிரினங்களைப் பார்த்ததைப் பதிந்துவைக்கும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள். செடியின் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பல பூச்சிகளை அடையாளம் காண முதலில் உதவுவது அதுதான்.