"வித்தியாசம் பார்க்கிறதில்லை" என்பவர்கள் செய்யும் தவறுகள்

திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் "நாங்கள் வித்தியாசம் பார்க்கிறதில்லை" என்றுதான் சொல்வார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 40 வீதம், தமிழர் 30 வீதம், சிங்களவர் 27 வீதம். எந்தச் சமூகமும் பாதியைத் தொடாத இடத்தில் அப்படிச் சொல்லிக்கொள்வது ஒரு மரியாதை. ஆனால் நண்பர்களுக்குள் வரும் மனக்கசப்பு பலவும் இந்த வசனத்தில்தான் தொடங்குகிறது. பார்க்காமல் விட்டால், கூட இருப்பவருக்கு எது சிரமம் என்பதும் கண்ணில் படாது.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலாவெளிக் கடற்கரையில் சமைத்துச் சாப்பிடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. கோழியை எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. கறி கொதிக்கும் நேரத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் நண்பர் "எனக்குப் பசிக்கல்ல மச்சான்" என்கிறார். கந்தசஷ்டிக் காலமென்று மீன், இறைச்சி தொடாத இன்னொருவர் பேசாமல் வாழைப்பழத்தை உரிக்கிறார். "துண்டை எடுத்துப்போட்டுக் குழம்பை மட்டும் விடட்டா?" என்று அக்கறையோடு கேட்பவருக்கு, ஹலால் இல்லாத இறைச்சி வெந்த குழம்பும் அந்தக் கிண்ணியா நண்பருக்கு ஆகாது என்பது விளங்குவதில்லை. இதையெல்லாம் கேட்க வேண்டியது கடைக்குப் போவதற்கு முன். அப்புறம், "ஒரு நாளைக்குத்தானே, சாப்பிடு" என்று வற்புறுத்தாதீர்கள். வற்புறுத்திப் பரிமாறுவது எங்கள் உபசாரத்தில் ஊறிய பழக்கம்தான். இந்த இடத்தில் அதை அடக்கிக்கொள்ள வேண்டும்.

நேரத்திலும் இதே கதை. இஸ்லாமிய ஆண்டு பிறையைப் பின்பற்றுவதால் ரமழான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். போன வருடம் தோதாக இருந்த கிரிக்கெட் போட்டித் திகதி இந்த வருடம் நோன்பில் விழலாம். நோன்பு திறக்கும் நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு, "அவர் எப்பவும் பிந்தித்தான் வருவார்" என்று குறை சொல்வது நியாயமில்லை.

மரணவீடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு வராததை மன்னிப்பவர்கள்கூட இதை மறப்பதில்லை. சைவ வீடுகளில் வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேரும்வரை இரண்டு மூன்று நாள்கூட உடலை வைத்திருப்பதுண்டு. மூதூர் நண்பரின் வாப்பா மௌத்தான செய்தி வந்ததும் அதே கணக்கில் "நாளைக்குப் போவம்" என்று இருந்துவிட்டால், ஜனாஸாவை அடக்கி முடித்திருப்பார்கள். அநேகமாக அன்றைக்கே, பிந்தினால் மறுநாள் நடந்துவிடும். மலர்வளையம் தேவையில்லை. அவருடைய உம்மா நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில், அதாவது கணவனை இழந்த பெண் ஒதுங்கியிருக்கும் காலத்தில், இருப்பார். "அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறோம்" என்று ஆண் நண்பர்கள் உள்ளே போக நிற்கக்கூடாது. மகனிடம் சொன்னால் போய்ச்சேரும். மறுபக்கமும் உண்டு. வீட்டில் நடந்த சாவின் துடக்கு (தீட்டு) காரணமாக 31ஆம் நாள்வரை கோயிலுக்கும் நல்ல காரியங்களுக்கும் போகாத சைவ நண்பர் உங்கள் தங்கையின் நிக்காஹ்வுக்கு வராவிட்டால், ஒதுங்கிப் போகிறார் என்று எடுக்காதீர்கள். சிங்கள பௌத்த வீடுகளில் பிக்குமாருக்கு உணவு கொடுக்கும் ஏழாம் நாள் தானம் முக்கியம். செத்தவீட்டுக்குப் போக முடியாதவர் அதற்காவது வெள்ளை உடுப்போடு போய்வரலாம்.

இவ்வளவும் தெரிந்தவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. நாலு பழக்கம் தெரிந்ததும் ஆளையே படித்து முடித்ததாக நினைத்துவிடுவார்கள். "அவன் முஸ்லிம், பாட்டுக் கச்சேரிக்கு வரமாட்டான்" என்று கேட்காமலே பெயரை வெட்டுவார்கள். ஒரு வீட்டிலேயே அண்ணன் ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி இருக்கிறார்கள் என்பது அப்போது ஞாபகம் வராது. இதன் கொடுமையான வடிவத்தை 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பார்த்தோம். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் யாரோ செய்ததற்கு, சின்ன வயதிலிருந்து கூடப் படித்த முஸ்லிம் நண்பனிடம் "ஏன்டா உங்கட ஆக்கள் இப்படி?" என்று கேட்டவர்கள் உண்டு. போர்க்காலத்தில் சோதனைச்சாவடிகளில் அதே கேள்விக்குப் பதில் சொல்லி நின்ற தமிழர்களும் அதைக் கேட்டதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது.

பேச்சைப் பகிடி பண்ணுவதும் அப்படியொன்றும் சின்ன விஷயம் இல்லை. மூதூர்ப் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, மலையகத்திலிருந்து வந்தவரின் பேச்சு எல்லாவற்றுக்கும் எங்களிடம் நக்கல் இருக்கிறது. முதல் தடவை அவரும் சேர்ந்து சிரிப்பார். தொடர்ந்தால் கூட்டத்தில் வாயைத் திறக்கமாட்டார். கந்தளாயிலிருந்து வந்த சிங்கள நண்பர் ஒருவர் மேசையில் இருந்தால், அவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும்தானே என்று மற்றவர்கள் முழு வேகத்தில் தமிழிலேயே ஓடுவார்கள். அரைகுறைச் சிங்களத்திலாவது இடையிடையே அவருக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள்.

காசையும் மறக்கக்கூடாது. புறாமலைத் தீவுக்குப் படகுக்கூலி, நுழைவுச்சீட்டு என்று ஆளுக்கு இவ்வளவு என்று போடும்போது ஒருவர் அடிக்கடி "வேலை இருக்கு" என்று கழன்றால், அவருடைய நிலைமையையும் யோசியுங்கள். டச்பே கடற்கரையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தாலும் ஒரு மாலை நன்றாகத்தான் போகும்.

கடைசியாக, எதையும் வித்தியாசம் என்று சொல்லிப் பொறுத்துப்போவதும் தவறுதான். சாதியைச் சொல்லி ஒருவரை மட்டம் தட்டுவது, தங்கையின் படிப்பை நிறுத்துவது, வாங்கிய கடனை வருடக்கணக்காக இழுப்பது இவற்றையெல்லாம் "அவங்கட பழக்கம்" என்று விடக்கூடாது. நண்பர் என்றால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் சொன்ன விஷயம் பின்னுக்குப் போய், அவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிடும்.