டர்போ பொருத்தும்போது ஆயில் குழாயில் கவனம்

வீட்டிலேயே காரில் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) பொருத்த முனைபவர், முதலில் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தேய்ந்த எஞ்சின் கூடுதல் காற்றழுத்தத்தைத் தாங்காது. டர்போவை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டும், அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் பொறுமை இருந்தால் பொருந்திவிடும். பலர் கோட்டைவிடுவது ஆயிலில்தான். நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடிய டர்போவின் தண்டு மெல்லிய ஆயில் படலத்தை நம்பியே ஓடுவதால், ஆயில் திரும்பும் குழாய் அகலமாக, எங்கும் மேலேறி வளையாமல் சரிவாக இறங்கி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இணைப்புகளில் சிலிக்கான் பசை தடவாதீர்கள். பிதுங்கிய துணுக்கு ஒன்று துளையை அடைத்தாலே புது டர்போ பாழ். முதன்முறை ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவின் ஆயில் துளையில் சிறிது புது ஆயில் ஊற்றி, டர்போவுக்குள் இருக்கும் சக்கரத்தை விரலால் மெல்லச் சுழற்றிவிட்டு, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்த நிலையில், ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு இயக்குங்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் டியூனிங் முடியும்வரை பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறுமளவுக்கு ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது.