இங்கே ஓடுவது எந்தப் பதிப்பு? நிரலுக்குள் அடையாளம் பதிப்பதும் கம்பைலர் சிக்கல்களைத் தீர்ப்பதும்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருந்துகொண்டு பசுந்தேயிலைக் கொள்முதல் நிலையங்களுக்கு எடைப் பதிவு நிரல் எழுதிக் கொடுப்பவருக்கு, நிரலை எழுதுவதைவிட, அது எந்த நிலையத்தில் எந்த வடிவில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பதே கடினமான வேலையாக அமைந்துவிடுகிறது. கூடலூர்ப் பக்கத்து நிலையம் ஒன்றிலிருந்து, "மழை இலைக்கு ஈரக் கழிவு போட்ட பிறகு நிகர எடை சரியாக வரவில்லை, சார்" என்று தொலைபேசியில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திருத்திய கணக்கு அந்த நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது தெரியாமல் அடுத்து ஒரு வார்த்தை பேச முடியாது. ஊட்டி, நடுவட்டம் வழியாக மலைப்பாதையில் இறங்கிப் போய்த்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது. அந்த எடையில் இருப்பது சிறு விவசாயியின் கூலி. ஆகவே "நான் எந்த மூலநிரலிலிருந்து உருவானேன்" என்று நிரலே சொல்ல வேண்டும்.

இக்கட்டுரை, மூலநிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றும் ஜிசிசி கம்பைலரைக் கொண்டு லினக்ஸில் சி அல்லது சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதுவோரை மனத்தில் கொண்டது. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்துகொள்ள வேண்டும்.

பதிப்பு எண்ணைக் கையால் எழுதாதீர்கள்

மூலநிரலில் "பதிப்பு 2.3" என்று ஒரு வரியைக் கையால் எழுதி வைப்பதே பெரும்பாலோர் செய்வது. அந்த வரியை மாற்ற மறந்த அன்றே அது பயனற்றதாகிவிடுகிறது, ஒரே 2.3 என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு நிரல்கள் இரண்டு நிலையங்களில் ஓடத் தொடங்கிவிடும். எண் மூலநிரலின் வரலாற்றிலிருந்து தானாகப் பிறக்க வேண்டும். மூலநிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியைப் பயன்படுத்துவோருக்கு இதற்கான கட்டளை "கிட் டிஸ்கிரைப்". அதன் விடை "2.3-14-ஜி4071936" என்பது போல வந்தால், 2.3 என்ற டேக்குக்குப் (பெயர்க் குறிக்கு) பிறகு 14 கமிட்டுகள் (பதிவு செய்த மாற்றங்கள்) சேர்ந்திருக்கின்றன என்றும், இப்போதைய கமிட்டின் சுருக்கக் குறியீடு 4071936 என்றும் பொருள். இடையில் நிற்கும் "ஜி" என்ற எழுத்து கிட்டைக் குறிப்பது, குறியீட்டின் பகுதி அன்று. இக்கட்டளையுடன் "டர்ட்டி" என்ற விருப்பத்தையும் தவறாமல் சேர்க்க வேண்டும். கமிட் செய்யாத மாற்றம் ஏதேனும் இருந்தால் விடையின் கடைசியில் அந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டிய நிரல் எதுவும் நிலையத்துக்குப் போகக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம், ஏனெனில் அதன் மூலநிரலை மறுபடி எவராலும் எடுத்துக் காட்ட முடியாது. டேக் இடும்போது "ஏ" விருப்பத்துடன் குறிப்பும் எழுதி இடுங்கள். குறிப்பில்லாத எளிய டேக்குகளை டிஸ்கிரைப் கட்டளை இயல்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

இந்த விடையை நிரலுக்குள் கொண்டுசேர்க்கும் இடத்தில்தான் கவனம் தேவை. கம்பைலருக்கு "டி" விருப்பத்தின் வழியாக ஒரு மேக்ரோவாக (கம்பைல் ஆகும்போது தன் மதிப்பாக மாறிவிடும் பெயராக) எல்லாக் கோப்புகளுக்கும் அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால், விருப்பங்கள் மாறுவதைக் கவனிக்கும் பில்டு அமைப்புகளில் (நிரலைக் கட்டி உருவாக்கும் கருவிகளில்) ஒவ்வொரு கமிட்டுக்கும் எல்லாக் கோப்புகளும் மறுபடி கம்பைல் ஆகும். விருப்பங்களைக் கவனிக்காத வெறும் மேக்ஃபைலிலோ (மேக் என்ற கருவிக்கு பில்டு விதிகளைச் சொல்லும் கோப்பிலோ) பழைய எண்ணே சில கோப்புகளில் தங்கிவிடும். ஷெல் மேற்கோள் குறிகளை விழுங்கிவிடுவதும் அடிக்கடி நேர்வது. மாறாக, பதிப்பு விவரம் மட்டுமே உள்ள ஒரு தனிச் சிறு சி கோப்பை பில்டின்போது உருவாக்குங்கள். மேக்ஃபைலில் ஒவ்வொரு முறையும் கட்டாயம் ஓடும் ஒரு விதியை எழுதி, அது கிட்டின் விடையை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, பழைய கோப்புடன் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மட்டும் மாற்றி வைக்குமாறு அமைக்க வேண்டும். அப்போது கம்பைல் ஆவது அந்த ஒரு கோப்பு மட்டுமே. அக்கோப்பின் பதிப்பு வரியிலேயே, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் கொண்ட வெர்ஷன் என்ற மேக்ரோவையும் சேர்த்துவிடுங்கள். எந்தக் கம்பைலர் பதிப்பு அந்த நிரலை உருவாக்கியது என்பதும் பதிவாகிவிடும்.

பதித்த எழுத்துச் சரம் நிரலில் தங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நிரலில் எங்கும் பயன்படாத ஸ்டாட்டிக் மாறியை கம்பைலர் நீக்கிவிடும். அதிலிருந்து தப்பினாலும், பயனற்ற பகுதிகளை வெட்டும் "ஜிசி-செக்ஷன்ஸ்" விருப்பத்துடன், கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் வந்து நீக்கிவிடலாம். "யூஸ்ட்" என்ற பண்பு முதலாவதைத் தடுக்கும். இரண்டாவதைத் தடுக்க, லிங்கர் ஸ்கிரிப்டில் "கீப்" என்று எழுத வேண்டும், அல்லது ஜிசிசி 11 முதல் கிடைக்கும் "ரீடெய்ன்" பண்பைச் சேர்க்க வேண்டும். ஆனால் என் கருத்தில் சிறந்த வழி, அந்தச் சரத்தை உண்மையாகவே பயன்படுத்துவதுதான். நிரல் தொடங்கும்போது பதிவேட்டுக் கோப்பின் முதல் வரியாகவும், "வெர்ஷன்" என்ற கட்டளை விருப்பத்தின் விடையாகவும், விவசாயிக்குக் கொடுக்கும் எடைச் சீட்டின் அடியில் சிறிய எழுத்திலும் அது அச்சாகட்டும். எடைச் சீட்டில் அச்சாவது மிகவும் பயனுள்ளது: ஆறு மாதம் கழித்து ஒருவர் சீட்டைக் கொண்டுவந்து கணக்குக் கேட்டாலும், எந்த நிரல் அதைப் போட்டது என்பதை மறுக்க முடியாதபடி சொல்லலாம்.

நிரல் தொடங்கவே மறுக்கும் நேரமும் உண்டு. அப்போது அதை ஓட்டாமலே அடையாளம் காண ஒரு பழைய முறை கைகொடுக்கிறது. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ் என்ற மூலநிரல் மேலாண்மை அமைப்பு, "@(#)" என்ற நான்கு குறிகளைச் சரத்தின் முன்னால் வைத்தது. "வாட்" என்ற கட்டளை எந்த இருமக் கோப்பிலும் அக்குறிகளைத் தேடி, பின்தொடரும் உரையைக் காட்டும். அக்கட்டளை இல்லாத கணினியில் "ஸ்டிரிங்ஸ்" கட்டளையின் விடையை "கிரெப்" வழியாக வடிகட்டினாலே போதும். நிலையத்திலிருந்து பேருந்தில் வந்துசேரும் எஸ்டி கார்டைக் குன்னூரிலேயே செருகிப் படித்துவிடலாம். இதனுடன் லிங்கரின் "பில்டு-ஐடி" விருப்பத்தையும் இயக்கி வையுங்கள். பொதுவாக 20 பைட் நீளமுள்ள அந்த அடையாளத்தை "ரீட்எல்ஃப்" கட்டளை "என்" விருப்பத்துடன் காட்டும். பிழைதிருத்தக் குறிப்புகள் நீக்கப்படாத படியை அதே அடையாளத்தின் பெயரில் சேமித்து வைத்தால், நிலையத்தில் நிரல் முறிந்து விழுந்தபோது கிடைக்கும் கோப்பைச் சரியான படியுடன் பொருத்திப் பார்க்க முடியும்.

கம்பைல் ஆன தேதியைப் பதிக்கும் டேட், டைம் ஆகிய மேக்ரோக்களைத் தவிர்ப்பது நல்லது. ஒரே மூலநிரலை இரண்டு முறை கம்பைல் செய்தால் இரண்டு வெவ்வேறு கோப்புகள் வரும்; இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடும் வழி அடைபட்டுவிடும். தேதி வேண்டுமென்றால் கடைசிக் கமிட்டின் நேரத்தை எடுத்து "சோர்ஸ் டேட் எப்பாக்" என்ற சூழல் மாறியில் வையுங்கள். ஜிசிசி 7 முதல் அம்மேக்ரோக்கள் அதையே பின்பற்றும். எங்கேனும் தெரியாமல் புகுந்துள்ள தேதி மேக்ரோவை "டேட்-டைம்" எச்சரிக்கை விருப்பம் காட்டிக்கொடுக்கும்.

தொழிற்சாலை அலுவலகத்தில் விண்டோஸ் கணினி இருந்தால், அதற்கான நிரலில் வெர்ஷன்இன்ஃபோ என்ற ரிசோர்ஸைச் சேர்க்க வேண்டும். விண்டோஸுக்கான ஜிசிசி வடிவமான மிங்டபிள்யூவில் "விண்ட்ரெஸ்" அதைக் கம்பைல் செய்யும். அதில் நான்கு எண்களுக்கு இடமுண்டு, ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 65535க்கு மேல் போகாது. 20250614 என்று தேதியை ஒரே எண்ணாக எழுதினால் அடங்காது. 2025, 614 என்று பிரித்தெழுதினால் அடங்கும். கோ மொழியில் எழுதுவோருக்கு வேலை குறைவு: 2022இல் வந்த 1.18 பதிப்பு முதல், கிட் விவரம் பில்டின்போது தானாகவே பதிகிறது, "கோ வெர்ஷன்" கட்டளையை "எம்" விருப்பத்துடன் கொடுத்தால் அதைப் படிக்கலாம்.

கம்பைலர் முறையிடும்போது

திரை முழுக்க நூறு பிழைகள் ஓடினாலும் முதல் பிழையை மட்டும் படியுங்கள். மற்றவற்றில் பல அதன் விளைவுகளே. அடுத்து, முறையிடுவது கம்பைலரா, லிங்கரா, மேக்கா, கிட்டா என்று பிரித்தறிய வேண்டும்.

வாட்ஸ்அப்பிலோ இணையப் பக்கத்திலோ இருந்து வெட்டி ஒட்டிய வரிகளில் "ஸ்ட்ரே" என்று தொடங்கி 342 என்ற எண்ணைச் சொல்லும் பிழை வந்தால், நேர் மேற்கோள் குறிகளுக்குப் பதிலாக வளைந்த குறிகள் புகுந்திருக்கக்கூடும். அவற்றை அழித்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். மேக்ஃபைலில் "மிஸ்ஸிங் செப்பரேட்டர்" என்று வந்தால், டேப் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடங்கள் வந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பதிப்புச் சரம் வெறுமையாக வந்தால் காரணம் பெரும்பாலும் கிட்டின் பக்கம் இருக்கும். மலைப்பகுதியின் மெதுவான இணைப்புக்காக ஆழம் 1 என்று சுருக்கி எடுத்த பிரதியில் பழைய டேக்குகள் வராது. "ஃபெட்ச்" கட்டளையை "அன்ஷாலோ", "டேக்ஸ்" விருப்பங்களுடன் ஓட்டினால் வந்துசேரும். கோப்புறையின் உரிமையாளர் ஒருவராகவும் கிட்டை ஓட்டுபவர் வேறொருவராகவும் இருந்தால், 2022இல் வந்த கிட் 2.35.2 முதல் மறுத்துவிடும்; புதிய பதிப்புகளில் அது "டூபியஸ் ஓனர்ஷிப்" என்று சொல்லும். உரிமையைச் சரிசெய்யுங்கள், அல்லது அக்கோப்புறையை "சேஃப் டைரக்டரி" அமைப்பில் சேருங்கள். இத்தகைய நேரத்தில் "அன்நோன்" என்று நிரப்பிக்கொண்டு பில்டு தொடர்வதை நான் ஏற்பதில்லை. அது அங்கேயே பிழையுடன் நிற்க வேண்டும்.

"அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" என்பது லிங்கரின் குரல். நூலகங்களைக் கட்டளையின் முன்பகுதியில் எழுதினால் இது வரும். கம்பைலர் தரும் இடைநிலைக் கோப்புகளான ஆப்ஜெக்ட் கோப்புகளுக்குப் பின்னால் அவற்றை எழுத வேண்டும். பதிப்புக் கோப்புக்கே உரிய வேறொரு காரணமும் உண்டு: சி பிளஸ் பிளஸ் மொழியில் எல்லாச் சார்புகளுக்கும் வெளியே எழுதிய கான்ஸ்ட் வரிசை, "எக்ஸ்டர்ன்" என்று அறிவிக்கப்படாவிட்டால் அந்தக் கோப்புக்குள்ளேயே அடங்கிவிடும், மற்றக் கோப்புகளின் கண்ணுக்குப் படாது. சி மொழியில் இப்படி இல்லை என்பதால், கோப்பின் பெயரைச் சி பிளஸ் பிளஸுக்கு மாற்றியதும் பலர் திகைத்துப் போகிறார்கள். பதிப்புக் கோப்பைச் சி மொழியிலேயே வைத்துக்கொண்டு அதைச் சி பிளஸ் பிளஸிலிருந்து அழைப்பவர்கள், அதன் ஹெடரில் (அறிவிப்புகள் கொண்ட கோப்பில்) "எக்ஸ்டர்ன் சி" என்று குறிப்பிடுவதே முறை.

திருத்தியது திருத்தியபடி நிரலில் வரவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி வரிசையில் 4 வரையிலான பலகைகளில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும் நாட்களில், பலகை கடைசியாகச் சேமித்த பழைய நேரத்திலிருந்து விழித்தெழும். அப்போது நீங்கள் திருத்திய கோப்பு, முன்பே உருவான ஆப்ஜெக்ட் கோப்பைவிடப் பழையதாகத் தோன்றும். மேக் அதை விட்டுவிடும். கோப்பின் நேரம் இப்போதைய நேரத்தைத் தாண்டி எதிர்காலத்தில் இருந்தால் "கிளாக் ஸ்க்யூ டிடெக்டட்" என்ற எச்சரிக்கை வரும், அதை ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது. நேரத்தைச் சரிசெய்து, பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அழித்து, முழுவதையும் மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

விளக்கம் எதுவும் இல்லாமல் "கில்டு" என்று மட்டும் சொல்லி கம்பைலர் நின்றால் பெரும்பாலும் நினைவகம் போதவில்லை; ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்று சொல்லும், மேக்கின் "ஜே" எண்ணைக் குறையுங்கள். கம்பைல் ஆன நிரல் நிலையத்தில் "ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்" என்று மறுத்தால், அங்குள்ள இயங்குதளமும் அதன் ஜிலிப்சியும் (லினக்ஸின் அடிப்படை சி நூலகமும்) பழையவை: உபுண்டு 22.04இல் இருப்பது ஜிலிப்சி 2.35, 20.04இல் இருப்பது 2.31. உங்கள் நிலையங்களிலேயே மிகப் பழைய இயங்குதளம் எதுவோ அதில் கம்பைல் செய்வதுதான் நம்பத்தகுந்த தீர்வு. "எக்சிக் ஃபார்மட் எரர்" வந்தால், "ஃபைல்" கட்டளை அந்த நிரல் எந்த வகைச் செயலிக்கானது என்று சொல்லிவிடும். எடைச் சீட்டில் விவசாயியின் பெயர் தமிழில் சிதைந்து வந்தால், விஷுவல் சி கம்பைலருக்கு "யூடிஎஃப்-8" விருப்பத்தைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஜிசிசி இயல்பாகவே அவ்வாறு படிக்கிறது.

நிரலை வேகப்படுத்தும் "ஓ2" விருப்பத்துடன் கம்பைல் செய்தால் எடை தவறாகவும், அது இல்லாமல் சரியாகவும் வருகிறது என்றால், கம்பைலர் மீது ஐயப்படுவதற்கு முன் "வால்", "எக்ஸ்ட்ரா" எச்சரிக்கைகளையும், "அட்ரெஸ்", "அன்டிஃபைன்டு" சானிடைசர்களையும் (நிரல் ஓடும்போதே பிழை காட்டும் சோதனைகளையும்) இயக்கிப் பாருங்கள். தொடக்க மதிப்பு கொடுக்காத மாறியோ, வரிசையின் எல்லை தாண்டிய எழுத்தோ பெரும்பாலும் வெளிப்படும். எல்லாம் தூய்மையாக இருந்தும் கோளாறு நிலைத்தால், அதைக் காட்டும் மிகச் சிறிய நிரலை எழுதி, "சேவ்-டெம்ப்ஸ்" விருப்பத்துடன் கம்பைல் செய்து, ஹெடர்கள் விரிந்த கோப்பையும், பதிப்பு வரியில் நீங்கள் பதித்து வைத்த கம்பைலர் எண்ணையும், கொடுத்த விருப்பங்கள் முழுவதையும் சேர்த்து ஜிசிசியின் பிழைப் பதிவேட்டில் பதிவு செய்யலாம்.