வெளிநாட்டு இசைக்குழுவோடு கடம் வாசிக்கப் போகிறீர்களா? முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

வயலின், கிடார், அக்கார்டியன் வைத்திருக்கிற ஒரு வெளிநாட்டுக் குழு, "ஒரு மாதம் எங்களோடு வந்து ஊர் ஊராக வாசியுங்கள்" என்று உங்களைக் கூப்பிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1970களில் நம் இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவில் விக்கு விநாயக்ராம் வாசித்த நாளிலிருந்து கடத்துக்கு அந்த மேடைகள் புதிதில்லை. உங்களுக்குத்தான் புதிது. மதுரையில் இருக்கும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம்.

1. பாட்டுகளைக் கேட்டு வாங்குங்கள்

சம்மதம் சொன்ன கையோடு எல்லாப் பாட்டின் ஒலிப்பதிவையும் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்ருதி, வேகம், எத்தனை பார் (தாளத்தின் ஒரு சுற்று) என்பதும் வேண்டும். "வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் விடாதீர்கள். அங்கே ஒத்திகைக்குக் கிடைக்கிற நேரம் குறைவு.

2. பானையைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்ருதியை நாம் கட்டையில் சொல்கிறோம், அவர்கள் எழுத்தில்: அவர்களின் சி (C) நமக்கு 1 கட்டை, டி (D) 2 கட்டை, ஜி (G) 5 கட்டை. வயலின் நாட்டுப்புற மெட்டுகள் பெரும்பாலும் டி-யிலோ ஜி-யிலோ வரும். அதற்கு 2 கட்டைக் கடம் ஒன்றே போதும்: டி பாட்டில் ஷட்ஜமாகவும் (ஸ) ஜி பாட்டில் பஞ்சமமாகவும் (ப) சேரும்.

மானாமதுரைக்கு நேரில் போய் வாங்குங்கள், ராமேஸ்வரம் ரயில் அங்கே நிற்கும். செல்போனில் தம்புரா ஆப்பை ஓடவிட்டு, கழுத்து, வயிறு, அடி என்று சுற்றிலும் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஸ்ருதி பேசினால் எடுங்கள். உள்ளே களிமண் அப்பி ஸ்ருதியைக் கொஞ்சம் இறக்கலாம், ஏற்ற முடியாது. அதனால் சந்தேகம் இருந்தால் ஸ்ருதி ஒரு நூல் மேலே இருப்பதையே வாங்குங்கள்.

3. கணக்கை அவர்கள் காதால் கேளுங்கள்

எனக்கு இதுதான் முக்கியம். 7/8, அதாவது சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை என்றதும் நம் கை தானாக மிஸ்ர சாப்பு தாளத்துக்குப் போகும்: தகிட தகதிமி, 3+4. ஆனால் பல்கேரியாவின் ருச்செனிட்சா ஆட்டமும் 7/8தான், அதன் நடை 2+2+3: தக தக தகிட. மாத்திரை சரியாக இருந்தும், அழுத்தம் தப்பான இடத்தில் விழுந்தால் ஆடுகிறவர்களுக்குக் கால் தடுக்கும். அதனால் முதலில் கடத்தைத் தொடாமல், ஒலிப்பதிவோடு சேர்த்து இந்தத் தாளச் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுங்கள்.

தீர்மானத்தையும், அதாவது மூன்று முறை வாசித்து முடிக்கிற முத்தாய்ப்பையும், அவர்களுக்குப் புரிகிறபடி சொல்லுங்கள். 4/4 பாரில், எண்ணிக்கைக்கு நாலாக, 16 மாத்திரை. ததிங்கிணதோம் 5, மூன்று முறை 15. முதல் மாத்திரையை விட்டுத் தொடங்கினால் பார் சரியாக நிறையும், அடுத்த "ஒன்று" எல்லோருக்கும் பொது. ஒத்திகையில் இதைக் கைதட்டிக் காட்டுங்கள். கிடார்காரர் அந்த ஒன்றில் உங்களோடு வந்து இறங்குவார். அந்த இடத்தில் கிடைக்கிற சந்தோஷத்துக்காகவே போகலாம்!

அப்புறம், பாட்டுக்குப் பாட்டு தனி வாசிக்கக் கிளம்பாதீர்கள். மெட்டு ஓடும்போது நடையை மட்டும் பிடித்துக்கொண்டு, இடைவெளி வருகிற இடத்தில் நிரப்புங்கள். அடுத்த முறையும் கூப்பிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

4. காகித வேலை

சம்பளம், பயணம், தங்குமிடம், சாப்பாடு, கூடுதல் லக்கேஜ் யார் பொறுப்பு, பதிவு செய்தால் யாருக்கு உரிமை, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். கச்சேரி செய்யப் போகிற நாட்டுக்கு அதற்கான விசா வேண்டும். சுற்றுலா விசாவை நம்பிக் கிளம்பாதீர்கள்.

5. பெட்டியும் மேடையும்

கடத்துக்கு உள்ளே ஸ்பாஞ்ச் வைத்த கெட்டியான ஃபைபர் பெட்டி வேண்டும். பானைக்குள்ளும் துணி திணித்துவிடுங்கள். நீங்கள் சைவமானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முட்டையும் மீனும் உண்டா இல்லையா என்பதோடு சேர்த்து.

மேடையில் உட்கார ஓர் அடி உயரத்துக்காவது தளம் கேளுங்கள், இல்லாவிட்டால் நிற்கிறவர்களின் கண் ஜாடை தெரியாது. மைக் இரண்டு: ஒன்று முன்பக்கம், மற்றது பானையின் வாய்க்கு அருகே. கும்கி என்கிற கனத்த அடி ஓசை அங்கேதான் பிறக்கிறது, ஒலி அமைப்பவருக்கு அதை வாசித்துக் காட்டியே புரியவையுங்கள்.