ஓட்டமா, பாஸா? அமெரிக்கன் ஃபுட்பாலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஜனவரி 28. பால்டிமோரில் ரேவன்ஸ் அணிக்கும் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கும் ஏஎஃப்சி பிரிவின் இறுதிப் போட்டி. ஜெயிக்கும் அணி, சாம்பியனைத் தீர்மானிக்கும் சூப்பர் போலுக்குப் போகும். அந்த சீசனில் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் 32 அணிகளில் பந்தோடு ஓடி அதிக யார்டு எடுத்தது ரேவன்ஸ்தான். அப்படிப்பட்ட அணி அன்று ஆட்டம் முழுக்கத் பந்தோடு ஓடுவதற்கென்றே இருக்கும் தன் ரன்னிங் பேக்குகள் கையில் பந்தைக் கொடுத்து ஓடவிட்டது ஆறே ஆறு தடவை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் 37 முறை எறிந்தார். 17-10 என்று சீஃப்ஸ் ஜெயித்தது.

இடைவேளையில் ஸ்கோர் 17-7. பத்துப் புள்ளி என்பது ஒரு டச்டவுனும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோவது; கூடுதல் உதையோடு ஏழு) ஒரு ஃபீல்ட் கோலும் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது; மூன்று). ஒரு பாதியில் ஓர் அணிக்கு ஐந்தாறு முறையாவது பந்து கைக்கு வரும். பதற வேண்டிய நிலையே இல்லை. அதுவும் இரண்டாம் பாதியில் சீஃப்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இடைவெளி கூடவே இல்லை. ஆனாலும் ரேவன்ஸ் தனக்குக் கைவந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு எறிந்துகொண்டே இருந்தது. எனக்கு அந்தத் தோல்வி இன்னும் ஆறவில்லை. எதிரணி பிடுங்கிக்கொண்டது என்றால் ஏற்றுக்கொள்ளலாம். அவர்களே கீழே வைத்துவிட்டார்கள்.

பின்தங்கினால் உடனே பாஸுக்குத் தாவுவது, இந்த விளையாட்டில் மிகப் பழைய தவறு. அதற்கு நேர் எதிரான தவறுகளும் நிறைய உண்டு.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், முன்னால் எறியலாம். ஓட்டம் என்றால் சராசரியாக நாலு யார்டுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். ஒரு பாஸ் முயற்சிக்குச் சுமார் ஏழு. ஆனால் மூன்றில் ஒரு பாஸாவது யார் கைக்கும் போகாமல் தரையில் விழும். சில சமயம் எதிரணி பிடித்துவிடும். சில சமயம் எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிடுவார்கள். கூடுதல் லாபம், கூடுதல் ஆபத்து. இந்த இரண்டையும் எப்படிக் கலப்பது என்பதில்தான் பயிற்சியாளர்கள் சறுக்குகிறார்கள்.

சரிபாதி என்ற மயக்கம்

சமநிலை என்றதும் முப்பது ஓட்டம், முப்பது பாஸ் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எண்ணிக்கை சமமாக இருப்பதால் எதிரணிக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. அடுத்து வரப்போவது எது என்று தெரியாமல் அவர்கள் தவித்தால்தான் அது சமநிலை. முதல் பாதியில் இருபது பாஸ் எறிந்து முன்னிலை பெற்று, இரண்டாம் பாதியில் ஓடியே நேரத்தைக் கரைக்கும் அணியை யாரும் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று, எல்லா பாஸும் ஒரே ஜாதி இல்லை. 1970 வாக்கில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் பில் வால்ஷ் பயிற்சியாளராக இருந்தபோது, அவருக்குக் கிடைத்த குவார்ட்டர்பேக் வர்ஜில் கார்ட்டருக்கு நீளமாக எறியும் கை பலம் இல்லை. அதனால் பக்கவாட்டில் நாலு, ஐந்து யார்டு தூரத்துக்குச் சின்னச் சின்ன பாஸ்களை எறிய வைத்தார். பிறகு சான் ஃப்ரான்சிஸ்கோவில் அதே முறையை வளர்த்து மூன்று சூப்பர் போல் ஜெயித்தார். கணக்குத் தாளில் அவையெல்லாம் பாஸ்தான். மைதானத்தில் அவை செய்தது ஓட்டத்தின் வேலை. தாளை மட்டும் பார்த்து ‘இவர்கள் ஓடுவதே இல்லை’ என்று தீர்ப்புச் சொன்னால் தப்பாகிவிடும்.

‘நிறைய ஓடினால் ஜெயிக்கலாம்’

டிவி வர்ணனையில் அடிக்கடி காதில் விழும்: ‘இந்த அணி முப்பது தடவைக்கு மேல் ஓடிய ஆட்டங்களில் எல்லாம் ஜெயித்திருக்கிறது.’ புள்ளிவிவரம் உண்மையாகவே இருக்கும். காரணம்தான் தலைகீழ். முன்னிலையில் இருக்கும் அணி கடைசிக் கால்பகுதியில் வேண்டுமென்றே ஓடும். ஓடியவரை மைதானத்துக்குள்ளேயே மடக்கினால் கடிகாரம் நிற்காது. அடுத்த முயற்சியைத் தொடங்க நாற்பது விநாடிவரை எடுத்துக்கொள்ளலாம். ஜெயித்துக்கொண்டிருப்பதால்தான் ஓடுகிறார்கள். ஊரெல்லாம் குடை விரித்ததால் மழை பெய்தது என்று சொன்னால் ஏற்றுக்கொள்வோமா? இதை நம்பி முதல் கால்பகுதியிலேயே இரண்டு யார்டு, மூன்று யார்டு என்று முட்டிக்கொண்டிருக்கும் அணிகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

1978-இல் விதிகள் மாறியதையும் நினைவில் வைக்க வேண்டும். ஐந்து யார்டுக்கு அப்பால் பாஸ் வாங்குபவரைத் தடுப்பவர் இடிக்கக் கூடாது என்றார்கள். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்றார்கள். அன்றிலிருந்து பாஸ் எறிவது எளிதாகிவிட்டது. அதற்கு முந்தைய காலத்துப் பழமொழிகளை அப்படியே இன்றைய ஆட்டத்துக்குப் பொருத்தக் கூடாது.

இதே நம்பிக்கைக்கு ஒரு தம்பி உண்டு: ‘முதலில் ஓடி ஓடிப் பழக்கினால்தான் பிளே ஆக்‌ஷன் பலிக்கும்.’ பிளே ஆக்‌ஷன் என்றால், ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுப்பதுபோல் கையை நீட்டிவிட்டு, கொடுக்காமல் எறிவது. எதிரணியின் தடுப்பில் நடுவில் நிற்கும் லைன்பேக்கரை மட்டும் கவனியுங்கள். பந்து கைமாறுவதுபோல் தெரிந்த அந்தக் கணத்தில் அவர் இரண்டடி முன்னால் வைப்பார். முதுகுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு யார்டு வெற்றிடம் திறந்துகொள்ளும். திரும்பி ஓடுவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அந்த இரண்டடியை அவர் வைப்பது, இதுவரை எத்தனை ஓட்டம் பார்த்தோம் என்று எண்ணி அல்ல. ஓட்டம் தெரிந்தால் முன்னே வா என்பது அவருக்குச் சிறுவயதிலிருந்து பழகிய வேலை. என்எஃப்எல் ஆட்டங்களை அலசிப் பார்த்தவர்கள் சொல்வதும் இதுதான்: முன்னால் எத்தனை முறை ஓடினார்கள் என்பதற்கும் பிளே ஆக்‌ஷன் பலிப்பதற்கும் பெரிய தொடர்பு இல்லை. நிஜ ஓட்டமும் பொய் ஓட்டமும் முதல் ஒரு விநாடிக்கு ஒரே மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்காக முதல் டவுனை வீணாக்க வேண்டியதில்லை.

எதிரணிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது

முதல் டவுனில் ஓட்டம், இரண்டாவதிலும் ஓட்டம், மூன்றாவதில் எட்டு யார்டு தேவைப்படும்போது பாஸ். இந்த வரிசை எதிரணிக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. மூன்றாவது டவுனில் அவர்கள் ஓட்டத்தைப் பற்றிக் கவலையே படாமல் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்கள். முதல் டவுன் பாஸ் கீழே விழுந்து இரண்டாவதிலும் பத்து யார்டு தேவை என்றால், பல பயிற்சியாளர்கள் அனிச்சையாக ஓட்டத்தைக் கூப்பிடுவார்கள். ‘போன தடவை எறிந்தோம், இந்தத் தடவை ஓடுவோம்’ என்று மாற்றி மாற்றி வைப்பது கலப்பதுபோலத் தோன்றும். அந்த மாற்றமே ஒரு பழக்கம். எதிரணியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

உடம்பும் காட்டிக்கொடுக்கும். பள்ளி, கல்லூரி அளவில் இது சர்வசாதாரணம். லைன்மேன் குனிந்து தரையில் ஊன்றிய விரல்களைப் பாருங்கள். எடை முழுவதும் முன்னால் சாய்ந்து விரல் நுனி வெளுத்திருந்தால் முட்டித் தள்ளப் போகிறார், அதாவது ஓட்டம். கை லேசாகத் தொட்டபடி எடை குதிகாலில் இருந்தால் பின்வாங்கித் தடுக்கப் போகிறார், பாஸ். நல்ல பயிற்சியாளர்கள் சொந்த அணியின் வீடியோவையே எதிரியின் கண்ணால் பார்த்து இதைத் திருத்துவார்கள்.

தலைகளை எண்ணாமல் விடுவதும் இதே ரகம். பந்து வைக்கப்படும் கோட்டருகே எதிரணியினர் எட்டுப் பேர் நெருக்கி நிற்கும்போது, தடுக்க நம்மிடம் ஆறு பேர்தான் என்றால், எவ்வளவு பெரிய ரன்னிங் பேக்காக இருந்தாலும் மாட்டிக்கொள்வார். அவர்களும் ஆறு பேர்தான் நிற்கிறார்கள் என்றால் ஓடாமல் இருப்பது நஷ்டம். கடைசி நேரத்தில் போட்ட திட்டத்தை மாற்றும் உரிமையைக் குவார்ட்டர்பேக்குக்குக் கொடுத்தாலே இதில் பாதி தீர்ந்துவிடும்.

கடிகாரத்தை மறப்பது

இதற்கு உதாரணம் 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். சூப்பர் போலில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுக்கு எதிராக அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28-3 என்று முன்னிலையில் இருந்தது. கடைசிக் கால்பகுதியில் 28-12 ஆனபோது அட்லாண்டாவுக்கு மூன்றாவது டவுனில் ஒரே ஒரு யார்டு தேவை. எறியப் போனார்கள். குவார்ட்டர்பேக் மேட் ரயன் கையிலிருந்து பந்து தட்டிவிடப்பட்டு எதிரணியிடம் போனது. ஒரு யார்டு தேவைப்படும் இடத்தில் பாஸைவிட ஓட்டம்தான் அதிகம் பலிக்கும்; இங்கே அது நேரத்தையும் தின்றிருக்கும். சில நிமிடத்தில் 28-20.

அப்போதும் கெட்டுப்போகவில்லை. ஜூலியோ ஜோன்ஸ் ஓரக்கோட்டில் எம்பிப் பிடித்த பாஸில் அட்லாண்டா எதிரணியின் எல்லைக்கோட்டிலிருந்து 22-ஆவது யார்டுக்கு வந்துவிட்டது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. மூன்று முறை ஓடி, ஒரு யார்டுகூடக் கிடைக்காவிட்டாலும், நாற்பது யார்டு சுமாருக்கு ஒரு ஃபீல்ட் கோல். அது விழுந்தால் பதினொரு புள்ளி முன்னிலை. ஒருமுறை ஓடினார்கள், ஒரு யார்டு நஷ்டம். அடுத்தது எறியப் போய் 12 யார்டு பின்னால் சாய்க்கப்பட்டார் ரயன். அதற்கு மேல் ஒரு தண்டனை. 45-ஆவது யார்டுக்குப் பின்வாங்கி, ஃபீல்ட் கோல் தூரத்தைத் தாண்டிப் போய், பந்தை உதைத்துக் கொடுத்தார்கள். பேட்ரியாட்ஸ் 91 யார்டு வந்து சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 34-28 என்று ஜெயித்தது. அந்த சீசனில் அதிகப் புள்ளி எடுத்த அணி அட்லாண்டா. வருடம் முழுக்கத் தாக்கியே ஜெயித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வரவில்லை.

முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

இது நம்மைப் போன்ற ரசிகர்களின் தவறு. 2015 பிப்ரவரி 1 சூப்பர் போலில், நாலு புள்ளி பின்தங்கியிருந்த சியாட்டில் சீஹாக்ஸ் டச்டவுனுக்கு ஒரு யார்டு தூரத்தில் நின்றது. இரண்டாவது டவுன், 26 விநாடி, கடிகாரத்தை நிறுத்த ஒரே ஒரு டைம்-அவுட், பின்னால் ரன்னிங் பேக் மார்ஷான் லின்ச். எறிந்தார்கள்; பேட்ரியாட்ஸின் மால்கம் பட்லர் பறித்துவிட்டார். 28-24, பேட்ரியாட்ஸ். லின்ச்சிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று உலகமே சொன்னது. நானும் சொன்னேன்.

அப்புறம் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓடி மாட்டிக்கொண்டால் டைம்-அவுட் போய்விடும். மறுபடி ஓடி மாட்டினால் கடிகாரம் நிற்காது. நான்காவது முயற்சிக்கு நேரம் இருக்குமா என்பதே சந்தேகம். மிச்சமிருந்த மூன்று வாய்ப்பையும் பயன்படுத்த வேண்டுமானால் இடையில் ஒரு பாஸ் வேண்டும். அது தரையில் விழுந்தால் கடிகாரமும் நிற்கும். ஆகவே பாஸ் என்ற முடிவில் நியாயம் இருந்தது. எந்த பாஸ் என்பதில்தான் எனக்குக் குறை. கூட்டமான நடுப்பகுதிக்கு ஏன் எறிய வேண்டும்? அதுவும் ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேரை நிறுத்தி வைத்து. அந்த வாரப் பயிற்சியில் பேட்ரியாட்ஸ் அதே உத்தியை ஒத்திகை பார்த்திருந்தது. அப்போது பட்லர் தாமதமாகப் போய்க் கோட்டைவிட்டிருந்தார். அன்று சியாட்டில் வீரர்கள் நின்ற விதத்தைப் பார்த்ததுமே பட்லருக்குப் புரிந்துவிட்டது. பந்து கையைவிட்டுப் பறந்தபோது அவர் ஏற்கெனவே அந்த இடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.